இரண்டு நோட்டு, இரண்டு டிஸ்க்

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. எண்ணூரில் சிமெண்ட் மூட்டை தூக்கினேன். சூலூர்பேட்டையில் லாரி கிளீனராக இருந்தேன். கிண்டியில் ரேடியோ செய்யும் பட்டறையில் ஈயம் பற்றவைத்தேன். விசாகப்பட்டினத்தில் மூன்று மாதம் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே படுத்திருந்தேன். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட ஆளிடம், எண்பதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் ஒரு அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு எந்த வகை டிஸ்க் அமைப்பு வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பது அன்றைக்கும் எனக்குச் சரியாகப் புரியவில்லை. முடிவு செய்தேன். அதனால் நான் குடியிருந்த வீட்டுக்காரருக்கு அவருடைய பாடு போயிற்று. போனது அந்த முடிவாலா, வேறு எதனாலா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. அதற்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நிற்கும் நல்ல இடங்களில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊர் முறை வைத்திருக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. முகத்துவாரத்துக்கு உட்புறம் இருக்கும் இடம்தான் எல்லாவற்றிலும் பெரிது. கார்த்திகையில் மழைத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது இறாலும் கூடவே போகும். அந்த நாலைந்து நாளில் அங்கே முறை விழுந்தவன் வீட்டில் அடுத்த மழை வரைக்கும் கவலையில்லை. விழாதவன் சுற்று திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். சுற்று திரும்ப வருடக்கணக்கில் ஆகும்.

நான் குடியிருந்தது லைட்ஹவுஸ் குப்பத்தைத் தாண்டி இருந்த ஒரு சின்னக் குப்பத்தில். வீட்டுக்காரருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் ஐந்து வருடம் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் வேலை செய்துவிட்டு, இடுப்பில் அடிபட்டு ஊருக்குத் திரும்பியவர். ஊரை விட்டுப் போனதால் தலைக்கட்டுக் கணக்கிலிருந்து அவர் பேர் விழுந்துவிட்டது. அவர் வெளியே இருக்கும்போதே அவருடைய அப்பாவும் இறந்துபோக, அப்பாவின் முறை ஆளில்லாமல் கிடந்தது. அந்த முறைதான் அந்த வருடம் கார்த்திகையில் முகத்துவாரத்துக்கு வர இருந்தது. ஊர் கூடி அவரை மறுபடி சேர்த்துக்கொண்டு அப்பாவின் இடத்தில் நிறுத்தினால் அந்த நாள் அவருடையது. அந்த வீட்டில் நான் இருந்த காலம் முழுக்கப் பேச்சு இதுதான்.

இனி மெஷின் கதை. ஏரியைச் சுற்றி இருக்கும் எல்லா மீனவக் குடும்பங்களையும், அவர்களுடைய படகு, வலை, பாடு முறை எல்லாவற்றையும் பட்டியல் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என்று ஒரு திட்டம். அதற்குப் பழவேற்காட்டில் ஒரு பழைய வியாபாரக் குடும்பத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வீட்டுக்கார பாய் கீழே இருந்தார். ஜெனரேட்டர் போட்டால் தொழுகை நேரம் பார்த்துத்தான் போட வேண்டும். கிண்டிப் பட்டறை முதலாளி என்னை மெஷினோடு அனுப்பி வைத்தார். எனக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியும், எந்த இடத்திலும் படுத்துக்கொள்வேன், இரண்டும்தான் காரணம். தட்டச்சுப் பழகியிருந்ததால் போகப் போக விவரங்களை ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது. காலையில் குப்பத்திலிருந்து படகில் அக்கரைக்குப் போவேன், சாயங்காலம் திரும்புவேன்.

"இன்னா தம்பி, உன் பொட்டி இன்னிக்கி இன்னா சொல்லிச்சி?" என்று அண்ணி தினமும் கேட்பார்.

"ஒண்ணும் சொல்லல அண்ணி. கரண்ட் இல்ல."

"அப்ப நம்ப வூட்டுக்காரரு மாதிரிதான். வவுத்துல எதுனா உய்ந்தாதான் வாயத் தொறக்கும்."

அண்ணன் வலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார்.

முதலில் மெஷினில் ஒரே ஒரு டிஸ்க்தான் இருந்தது. வைகாசியில் ஒருநாள் அது தகரத்தை ஆணியால் கீறுவதுபோலச் சத்தம் போட்டது. பாய் மாடிக்கே ஏறி வந்து, "யாருப்பா அங்க சட்டி சுரண்டறது?" என்று கேட்டார். அவ்வளவுதான், மூன்று கிராமத்து விவரம் போய்விட்டது. வீடு வீடாக நிரப்பி வாங்கிய பாரங்கள் காகிதத்தில் இருந்ததால் மறுபடி உட்கார்ந்து ஏற்றினேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போனது. அப்போதுதான் மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மெஷின் விற்ற கம்பெனியின் எஞ்சினியர், தடித்த கண்ணாடி போட்டவர். இன்னொருவர் விவரங்களை அடுக்கி வைக்கும் அந்த டேட்டாபேஸ் புரோகிராமை எழுதிய அம்மா. இனிமேல் இரண்டு டிஸ்க் வைக்க வேண்டும், எதை எழுதினாலும் இரண்டிலும் எழுத வேண்டும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும் என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றுதான். இரண்டிலும் எழுதுவது யார் என்பதில்தான் சண்டை.

பின்னாளில் இதற்கெல்லாம் ரெய்டு என்று பேர் வைத்து, கடையில் பெட்டியாகவே விற்றார்கள். அப்போது அந்தப் பேர் எங்கள் யாருக்கும் தெரியாது. கண்ணாடிக்காரர் சொன்னது ஹார்டுவேர் வழி. மெஷினுக்குள் ஒரு கார்டைச் செருகிவிட வேண்டும். மெஷின் தனக்கு ஒரே டிஸ்க் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். கார்டு அதற்குத் தெரியாமல் இரண்டிலும் எழுதும். கார்டிலேயே கொஞ்சம் ஞாபகமும் ஒரு சின்ன பேட்டரியும் உண்டு. பாதி எழுதும்போது கரண்ட் போனாலும், வந்தபிறகு மீதியை எழுதி முடிக்கும். அந்தம்மா சொன்னது சாஃப்ட்வேர் வழி. கார்டெல்லாம் வேண்டாம். மெஷினை நடத்தும் புரோகிராமே முதலில் ஒரு டிஸ்க்கில் எழுதும், பிறகு மற்றதில் எழுதும். கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னளவில் முழுசு.

"இந்த ஊர்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகுது?" என்று கண்ணாடிக்காரர் என்னிடம் கேட்டார்.

"எண்ணினதில்ல சார். வர்ற தடவையை எண்றது சுலபம்."

"கேட்டுக்கோங்க மேடம். ஒரு டிஸ்க்ல எழுதி, இன்னொண்ணுல எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா ரெண்டும் வேற வேற சொல்லும். எதை நம்புவீங்க?"

"அது சரி. உங்க கார்டே செத்துப்போச்சுன்னா?" என்றார் அந்தம்மா.

"கார்டு எதுக்குச் சாகணும்? அதுல சுத்தற பாகமே கிடையாதே."

"உப்புக் காத்துக்குச் சுத்தறது சுத்தாததுன்னு வித்தியாசம் தெரியுமா சார்?"

இருவரும் படித்தவர்கள். ஒருவர் பேசும்போது அவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. மற்றவர் பேச ஆரம்பித்ததும் அதுதான் சரி என்று பட்டது. வாரத்துக்கு ஒரு நாள் பொன்னேரியிலிருந்து ஜீப்பில் வரும் அதிகாரி இரண்டையும் கேட்டுவிட்டு, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது ரெண்டும் வேணாம்யா. அடுத்த வருஷம் நான் எந்த ஊர்ல இருப்பேன்னே தெரியாது. மெஷினோட இருக்கறவன் நீ. நீயே சொல்லிடு" என்று என்னிடம் ஒரு பாரத்தை நீட்டினார். அதில் ஹார்டுவேர், சாஃப்ட்வேர் என்று இரண்டு வார்த்தை. கீழே, தேவையற்றதை அடிக்கவும். அடியில் 'இடத்தில் இருப்பவர்' என்று போட்டு என் கையெழுத்துக்கு இடம். வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்.

நாலு நாள் அந்தப் பாரம் என் சட்டைப்பையில் இருந்தது. படகில் போகும்போது எடுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் கரண்ட், ஒரு பக்கம் உப்பு. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை, அதனாலேயே ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் அதுவரை நான் எதையும் தேர்ந்தெடுத்தது கிடையாது. லாரி நின்ற இடத்தில் இறங்கினேன், துரத்திய இடத்திலிருந்து கிளம்பினேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வலை தைத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் சொல்லிப் பார்த்தேன். சொன்னால் எனக்கே தெளியும் என்று நினைப்பு. அவர் ஊர் நோட்டை வைத்துத்தான் அதைப் புரிந்துகொண்டார்.

அந்தக் குப்பத்தில் பாடு முறையை எழுதி வைக்க இரண்டு நோட்டு உண்டு. ஒன்று வடக்குத் தெருவில், ஒன்று தெற்குத் தெருவில். இரண்டையும் வைத்திருக்கும் வீடுகள் சம்பந்தம் செய்துகொள்ளக்கூடாது. ஒரு நோட்டைப் பார்த்து இன்னொன்றில் எழுதவே கூடாது. ஊர் கூடி முடிவு சொல்லும்போது இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, தன் காதில் விழுந்ததைத்தான் எழுத வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் பிறகு அவர் இருக்கும்போது அதே முடிவை ஊர் இன்னொரு தரம் வாய்விட்டுச் சொல்லும். இரண்டு நோட்டும் ஒத்துப்போனால்தான் முறை செல்லும்.

"அந்தக் கார்டு இன்னா பண்ணுது? அதே வடக்கால தெரு நோட்டு, தெக்கால தெரு நோட்டு வேலைதானே?" என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. ஒரே ஆளு, ரெண்டு கையாலயும் ரெண்டு நோட்டுல எழுதற மாதிரி."

"அந்தம்மா சொல்றது?"

"அதுவும் ஒரே ஆளுதான். ஒரு கையால ஒண்ணு முடிச்சிட்டு அப்பால இன்னொண்ணு."

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அண்ணி தலையைத் தூக்கினார். "ஒரே ஆளு தப்பாக் கேட்டா ரெண்டுலயும் தப்பு வராதா? இதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு?"

"தப்பாக் கேக்கறதுக்கு இல்ல அண்ணி. டிஸ்க் செத்துப்போனா."

"நோட்டு எங்கயாவது சாவுமா? எயுதறவன்தான் சாவான்" என்று சொல்லிவிட்டு அவர் மீனைக் கழுவப் போய்விட்டார். அண்ணன், "எங்களுக்கு இன்னா தெரியும். நீ படிச்சவன், நீ பாத்து எயுது" என்றார். நான் ஒன்பதாவது என்பது அவருக்குத் தெரியும். அவர் ஐந்தாவது.

மறுநாள் காலை படகு அக்கரை சேருவதற்குள் சாஃப்ட்வேர் என்ற வார்த்தையை அடித்துவிட்டேன். காரணம் கேட்டால் கரண்ட் என்று சொல்வேன். அது பொய்யில்லை. ஆனால் கார்டைக் கையில் பிடிக்கலாம், பற்றவைத்த இடங்களைப் பார்க்கலாம், கெட்டால் என் கைக்கு வேலை உண்டு. புரோகிராம் கெட்டால் நான் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். இந்தக் காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடியில் கார்டு வந்தது. உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலம், பச்சை நிறம், ஓரத்தில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி. அன்று முதல் கரண்ட் எத்தனை முறை போனாலும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் பெருமைகூட வந்தது. அதுவரை மாதம் ஒரு தரம் எல்லாவற்றையும் டேப்பில் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். டேப் ஓடும் கருவி உப்பில் இறுகி மக்கர் செய்தது. இரண்டு டிஸ்க் இருக்கும்போது டேப் எதற்கு என்று ஆடியோடு அதை நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆவணியில் ஊர் கூடியது. நான் கூட்டத்துக்கு வெளியே படகில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அண்ணனைச் சேர்த்துக்கொள்ளலாம், நைனாவின் இடத்திலேயே நிற்கட்டும் என்று பேசி முடித்தார்கள். அவருடைய பெரியப்பா மகன் மட்டும், "காசிமேட்டுல ஐஸ் மீன் தின்னவன் ஏரில எறங்குவானா?" என்று கிண்டல் செய்தான், ஆனால் குறுக்கே நிற்கவில்லை. வடக்குத் தெரு நோட்டில் எழுதினார்கள். தெற்குத் தெரு நோட்டுக்காரர் அன்று சுண்ணாம்புக்குளத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தார். அடுத்த கூட்டத்தில் அவருக்குச் சொல்லிவிடலாம் என்று விட்டார்கள். மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய் அண்ணனின் பேரை அவர் அப்பாவின் இடத்தில் என் கையால் ஏற்றினேன். அதற்குப் பாரம் ஏதும் கிடையாது. காதில் கேட்டதை ஏற்றினேன்.

புரட்டாசியில் யாரோ இறந்து கூட்டம் தள்ளிப்போனது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தெற்குத் தெருக்காரருக்கு அந்த முடிவை யாரும் திரும்பச் சொல்லவில்லை. ஊர்த்தலைவர் ஒருமுறை படகுத்துறையில் என்னைப் பார்த்து, "நம்ப ஆளு பேரு உன் மெஷின்ல கீதில்ல?" என்று கேட்டார்.

"இருக்கு தலைவரே. ஒண்ணுல இல்ல, ரெண்டு டிஸ்க்ல இருக்கு."

"அப்பறம் இன்னா பேஜாரு. ரெண்டு நோட்டுக்கு மேல ரெண்டு டிஸ்க்கு. நாலாச்சி."

கூட்டம் போடுவதற்கு அந்த வருடம் அவர்களுக்கும் சோம்பலாக இருந்தது என்று நினைக்கிறேன். முகத்துவார இடம் பக்கத்து ஊருக்கும் பொது. நோட்டு ஒத்துப்போகாத இடத்தில் அலுவலகத்து அச்சுப் பட்டியலை இரு ஊரும் ஏற்றுக்கொள்வது என்று அதிகாரி முன்னிலையில் பேசியிருந்தார்கள். பட்டியலைக் கார்த்திகை முதல் வாரத்தில் அச்சடித்து அதிகாரி முத்திரை வைத்துத் தருவதாக ஏற்பாடு.

அச்சடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில் மெஷினைப் போட்டேன். டிஸ்க் இரண்டும் சுழன்றன, சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திரையில் டிஸ்க் இல்லை என்று வந்தது. அணைத்துப் போட்டேன். பத்து முறை போட்டேன். திறந்து பார்த்தால் கார்டின் ஓரத்தில், பேட்டரியின் காலடியில், பச்சையாகப் பூத்திருந்தது. கழுவினேன், சுரண்டினேன், ஈயம் வைத்தேன். என் கைக்கு வேலை உண்டு என்று நினைத்தேனே, அந்த வேலையை இரண்டு மணி நேரம் செய்தேன். கார்டு எழுந்திருக்கவில்லை.

அண்ணனின் முறைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நான் இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, துண்டில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொன்னேரி வரை ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு பள்ளத்திலும் பஸ் விழும்போது நான் சீட்டிலிருந்து எழும்பிக் கைகளிலேயே அவற்றைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர், "கொயந்தையா?" என்று கேட்டார். ஏதோ தலையை ஆட்டினேன். அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. அது பெரிய விஷயமில்லை, பழக்கம்தான்.

மெட்ராஸில் அந்தம்மா ஒரு டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினார். ஓடியது. உள்ளே இருந்தது அவருக்குப் புரியவில்லை. கார்டு தனக்கென்று ஒரு முறையில் துண்டு துண்டாக எழுதி வைத்திருந்தது. அதே கார்டு இருந்தால்தான் அதைத் திரும்பப் படிக்கலாம். மற்ற டிஸ்க்கும் அப்படியே. கண்ணாடிக்காரரைக் கேட்டபோது, கார்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். நான் அந்தம்மாவிடம், "நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருந்தா இப்பப் படிச்சிருக்கலாம் இல்லம்மா?" என்று கேட்டேன். பாரத்தில் அந்த வார்த்தையை அடித்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும்.

அவர் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டே, "எந்த மெஷின்ல போட்டாலும் படிச்சிருக்கும். ஆனா உங்க ஊர் கரண்ட்டுக்கு, ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு வேறயா இருந்திருக்கலாம். ஒண்ணுல அவர் பேர் இருக்கும், ஒண்ணுல இருக்காது. எது சரின்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். பிறகு, "டேப் எங்க?" என்று கேட்டார்.

ஆடி டேப் அவரிடமே இருந்தது. போட்டுப் பார்த்தார். அதில் அண்ணனின் அப்பா பேர் இருந்தது, பக்கத்தில் 'காலமானார்' என்று நான் ஏற்றியதும் இருந்தது. அண்ணனின் பேர் இல்லை. ஆவணியில் ஏற்றியது ஆடியில் எப்படி இருக்கும்?

ஊர் கூடியது. பக்கத்து ஊரிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். வடக்கு நோட்டில் பேர் இருக்கிறது, தெற்கு நோட்டில் இல்லை, பட்டியல் வரவில்லை. இந்த முறை என்னையும் நடுவில் நிறுத்தினார்கள்.

"நீ எயுதினியா?" என்றார் தலைவர்.

"எழுதினேன்."

"காட்டு."

"காட்ட முடியாது தலைவரே. எழுதினது பத்திரமா இருக்கு. படிக்கத்தான் முடியல."

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "பத்தரமாக் கீதாம், படிக்க முடியாதாம். எங்க மாமியார் பூட்டின பொட்டி மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் ஆவணிக் கூட்டத்தில் என் காதாலேயே கேட்டேன் என்று சொன்னேன். "நீ இந்த ஊரு தலைக்கட்டா? உன் காது கணக்குல வராது" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். அப்போது தெற்குத் தெரு நோட்டுக்காரர் தன் மூலையிலிருந்து எழுந்து, "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கூச்சல்? அன்னிக்கி சொன்னத இன்னிக்கி ஒரு தபா சொல்லுங்க. என் காதுல உயட்டும். எயுதிக்கறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். ஊர் முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தது. யார் முதலில் பேசினார், யார் வழிமொழிந்தார் என்று வரிசையாக வந்தது. பெரியப்பா மகன் பேசும் இடம் வந்தபோது அவன் ஐஸ் மீன் கிண்டலைச் சொல்லவில்லை.

"சேத்துக்க வேணாம்னு நான் சொல்லல. நம்ப ரத்தம்தான், சேரட்டும். ஆனா தெக்கு நோட்டுல இன்னிக்கிதான் ஏறுது. அப்ப இன்னிக்கி தேதிதானே? இன்னிக்கி சேர்ற ஆளு கடைசில நிக்கணும். அதானே முறை? மழைக்கு முன்னால, ஆவணில சேந்தா நைனா எடம். வலை கட்ட ஆறு நாள் கீறப்ப சேந்தா, அவனுக்குப் பின்னால கீறவன் இன்னா ஏமாந்தவனா?"

பின்னால் இருந்தவன் அவன்தான். அண்ணனின் அப்பா இடம் காலியானால் முகத்துவார நாள் அவனுக்கு வரும். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அவன் சொன்னதும் முறைதான். பக்கத்து ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் இரண்டு நோட்டிலும் அன்றைய தேதி ஏறியது. இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதினார்கள். இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. அண்ணன் தலைக்கட்டு ஆனார், கடைசித் தலைக்கட்டாக.

வீட்டுக்குப் போன பிறகு அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி சோற்றைப் போட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு டிஸ்க்குல கீது, ரெண்டு டிஸ்க்குல கீதுன்ன. நாங்களும் உன்ன நம்பிக்கினு கம்முனு இருந்துட்டம். ஒரு நாளு போயி அந்த ஆளு காதுல கத்தியிருந்தா முடிஞ்சி போச்சி. துன்னு. உன்னச் சொல்லி இன்னா." நான் சாப்பிட்டேன்.

அந்த நாளில் முகத்துவாரத்தில் பெரியப்பா மகன்தான் வலை கட்டினான். தண்ணீர் நன்றாக இழுத்தது. அப்படி ஒரு இறால் சில வருடங்களாக வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆள் போதாமல் அவன் கூலிக்குக் கூப்பிட, அண்ணனும் போனார். தன் அப்பாவின் முறையில் அடுத்தவன் வலையை இழுத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, கூடையில் ஒரு பங்கு இறாலை இறக்கினார். அண்ணி அதை ஆய்ந்தார். அன்று எனக்கும் அதில்தான் குழம்பு.

தை பிறந்து கார்டு வந்தது. செருகினேன். மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல விழித்துக்கொண்டது. பட்டியலை அச்சடித்தேன். அண்ணனின் பேர் அப்பாவின் இடத்தில், ஆவணித் தேதியோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் இருந்தது. முத்திரை வாங்காமலே அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக் குப்பத்துக்குக் கொண்டுபோனேன். எதற்குக் கொண்டுபோனேன் என்று படகில் பாதி தூரம் போன பிறகுதான் யோசித்தேன். ஆனாலும் கொடுத்தேன்.

அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதுவா என் பேரு?"

"ஆமாண்ணே."

"எயுதிதான் கீற" என்றார். தாளை இறக்கி, "எயுதலன்னுதான் நான் நெனச்சிக்கினு இருந்தேன். ஊட்ல இருக்கறவன எப்பிடிக் கேக்கறதுன்னு கேக்கல" என்றார். தாளை நாலாக மடித்து, கூரை இடுக்கில் வலை ஊசிகளோடு செருகினார்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். இரண்டு மாதம் அவர் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறார்.

மாசியில் அதிகாரி மறுபடி ஒரு பாரத்தோடு வந்தார். ஆரம்பாக்கம் பக்கம் இன்னொரு அலுவலகம் வரப்போகிறதாம், அதற்கும் ஒரு மெஷினாம். ஹார்டுவேர், சாஃப்ட்வேர், தேவையற்றதை அடிக்கவும். "நீதான் அனுபவம் உள்ளவன்" என்றார். அதை வாங்கி நெடுநேரம் பார்த்தேன். கார்டு வைத்தால் உப்பு. புரோகிராம் வைத்தால் கரண்ட். எது வைத்தாலும் டேப் எடுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஆனால் அதை எழுதப் பாரத்தில் இடமில்லை. கையெழுத்து மட்டும் போட்டு, எதையும் அடிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். எதை அடித்தார் என்று நான் பார்க்கவில்லை.

பங்குனியில் நெல்லூர் போகும் லாரி ஒன்றில் ஏறினேன். ஏன் கிளம்பினேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடைசித் தலைக்கட்டுக்கு முகத்துவாரத்தில் முறை வர எத்தனை வருடம் ஆகும் என்று கிளம்பும் முன் ஒருநாள் மெஷினிலேயே போட்டுப் பார்த்தேன். வந்த எண்ணைக் குப்பத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வருடம் வந்தபோது நான் எங்கோ வடக்கே இருந்தேன். அவர் வலை கட்டினாரா என்று எனக்குத் தெரியாது.